மார்ச் 31-க்குள் இன்னொன்று

மார்ச் 8, சனி
தெட்ஃபோர்டு காடு, இங்கிலாந்து. ரோ மான் பெட்டை ஒன்று, எண்பது மீட்டரில் பக்கவாட்டாக நின்றது. சேஃப்டியை எடுத்துவிட்டேன். ஆனால் அது நின்றது மேட்டின் விளிம்பில், பின்னால் வெறும் வானம். குண்டு போய்ப் புதைய மண் வேண்டும். துப்பாக்கியை இறக்கிவிட்டேன். என்னை மதிப்பிட வந்த பெரியவர் எதுவும் சொல்லாமல் நோட்டில் ஏதோ எழுதினார்.

மார்ச் 11
என்ன எழுதியிருப்பார்?

மார்ச் 15, சனி
மான் சுடும் சான்றிதழின் லெவல் டூவுக்கு, இன்றையதோடு இரண்டு முடிந்தது, ஒன்று பாக்கி. சுட்டதும் துள்ளிப் பெரணிப் புதருக்குள் ஓடிவிட்டது. "எங்கே நின்றது, காட்டு" என்றார். நான் காட்டிய இடத்தில் ஒன்றுமில்லை. பத்தடி தள்ளி, வெட்டுப்பட்ட முடியும் இளஞ்சிவப்பு நுரை ரத்தமும். நுரையீரல்தான். அப்போதுதான் மூச்சு வந்தது.

வயிற்றைத் திறந்ததும் நிணநீர் முடிச்சுகள். தாடைக்குப் பின்னால், நுரையீரல் பக்கம், குடலைத் தாங்கும் சவ்வில் என்று ஒவ்வொன்றாகத் தடவி, வீக்கமில்லை, சீழில்லை என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னேன். அப்புறம் கருப்பை. இரட்டை. ஒன்றின் குளம்பு மெழுகு மாதிரி வெள்ளையாக இருந்தது. அதைப் பற்றிப் பெரியவர் எதுவும் கேட்கவில்லை.

மார்ச் 16
வீட்டில் சொல்லவில்லை.

மார்ச் 20, வியாழன்
இவளுக்கு ஸ்கேன். எல்லாம் சரியாக இருக்கிறதாம். ஒன்றுதான்.

மார்ச் 22
அம்மா போனில்: "மானைப் போய்ச் சுடுறியாடா? நம்ம ஊர்னா ஜெயில்ல போட்டிருப்பான்." இங்கே ஓநாய் இல்லை, ஆள்தான் குறைக்க வேண்டும், விட்டால் மரக்கன்றுகளைத் தின்று தீர்த்துவிடும் என்றெல்லாம் சொன்னேன். "அப்ப நீதான் ஓநாயா?"

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

மார்ச் 26
ரோ பெட்டையைச் சுட நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரைதான். விட்டால் மன்ட்ஜாக் மான் இருக்கிறது, நம்ம கேளையாட்டுக்குச் சொந்தம். அதற்குத் தடைக்காலமே கிடையாது, வருஷம் முழுக்கக் குட்டி போடும். அதனால் சினை நன்றாகத் தெரிகிற பெட்டையாகப் பார்த்துச் சுடு, பால்குடிக் குட்டி அனாதையாகாது என்று பாடம். கணக்கு சரிதான். மூன்று தடவை படித்தேன்.

மார்ச் 27
முந்தாநாள் மேட்டைப் பற்றிக் கேட்டே விட்டேன். இன்றுதான் பதில் வந்தது: "சுடாதது சரி" என்றுதான் எழுதினாராம். பத்தொன்பது நாள் தூக்கம் போச்சு.

மார்ச் 30, ஞாயிறு
கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியாயிற்று. நாளை சூரியன் 6.35 போல. அதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே சுடலாம். ஐந்து மணிக்கு கேட் அருகில் வரச் சொன்னார் பெரியவர். எங்கே இவ்வளவு சீக்கிரம் என்று இவள் கேட்டாள். காட்டுக்கு என்றேன். பெட்டையா என்றாள்.

மார்ச் 31, காலை 4.10
காற்று மேற்கிலிருந்து. ஃபிளாஸ்க்கில் டீ ஊற்றியாச்சு.