திரை பெரிது, இடம் சிறிது: கடை மென்பொருளின் உயரக் கணக்கு

திருகோணமலை நகரத்து மருந்துக்கடை மேசையில் 1024×768 பிக்சல் (திரைப்புள்ளி) பழைய மொனிட்டர் இருக்கலாம். உப்புவெளி விடுதியின் வரவேற்பில் 1920×1080 லப்டொப் இருக்கலாம். ஒரே பில் மென்பொருளை இரண்டிலும் போட்டால் பழையதில்தான் படிவம் (விவரங்களை நிரப்பும் ஜன்னல்) வெட்டுப்படும் என்று தோன்றும். அகலத்துக்கு அது சரி. உயரத்துக்கு நேர்மாறு.

சிறிய முழு எச்டி லப்டொப்களுக்கு விண்டோஸ் பெரும்பாலும் 125 அல்லது 150 சதவீத ஸ்கேலிங்கைத் (எழுத்தையும் பட்டன்களையும் பெருக்கிக் காட்டும் அமைப்பை) தானே போட்டுவிடும். 150இல் அந்தத் திரை 1280×720க்குச் சமம். விண்டோஸ் 11 டாஸ்க்பாருக்கு 48 பிக்சல், தலைப்புப் பட்டைக்கு ஏறத்தாழ 31 போனால் மிச்சம் 640தான். 100 சதவீதத்தில் ஓடும் 768 திரையிலோ, விண்டோஸ் 10 டாஸ்க்பாரின் 40ஐயும் தலைப்புப் பட்டையையும் கழித்த பிறகும் 700க்குச் சற்றுக் குறைவாக மிஞ்சும். ஆகவே அகலத்தைப் பழைய மொனிட்டரிலிருந்தும் உயரத்தைப் புதிய லப்டொப்பிலிருந்தும் எடுத்து, படிவத்தின் உள்ளளவை 1000×630க்குள் அடக்குங்கள்.

விண்டோஸ் போம்ஸில் (விண்டோஸ் படிவங்களை உருவாக்கும் கருவித்தொகுப்பில்) ‘சேமி’, ‘அச்சிடு’ பட்டன்களைத் தனிப் பனலில் வைத்துக் கீழே டொக் செய்யுங்கள், அதாவது கீழ் ஓரத்தோடு ஒட்டிவிடுங்கள். நடுப் பனல் மிச்ச இடத்தை நிரப்பட்டும். அதற்கு ஓட்டோஸ்க்ரோல் (இடம் போதாதபோது தானே வரும் உருட்டுப்பட்டை) கொடுங்கள். கண்பார்வை குறைந்த முதலாளி ஸ்கேலிங்கை 125க்கு உயர்த்தினால் 768 என்பது 614 ஆகிவிடும், ஸ்க்ரோல் அப்போதுதான் கைகொடுக்கும். நடுப் பனலை அடுக்கு வரிசையில் முன்னுக்குக் கொண்டுவர மறந்தால் அதன் கடைசி வரிகள் பட்டன் பனலுக்கு அடியில் போய்விடும். பொருட்பட்டியலில் பொருளின் பெயர் நிரல் (செங்குத்துப் பத்தி) மட்டும் விரியட்டும், குறைந்தபட்ச அகலம் 180. விலை, அளவு நிரல்கள் விரிந்து ஒரு பயனும் இல்லை.

ஆங்கிலத்தில் ‘பில் நோ’ என்று முடிவது தமிழில் ‘பற்றுச்சீட்டு இலக்கம்’ ஆகும். மும்மொழியிலும் ஓடவேண்டிய ஊரில் லேபலுக்கு நிலையான அகலம் கொடுப்பது வீண் வேலை. டேபிள் லேஅவுட் பனலில் (கட்டங்களாக அடுக்கும் பனலில்) லேபல் நிரலை எழுத்துக்கேற்ப விரியும் ஓட்டோசைஸாகவும், பெட்டி நிரலை மிச்ச இடத்தை எடுக்கும் 100 சதவீதமாகவும் வையுங்கள். உயரத்தையும் பூட்டவேண்டாம்: ‘கீ’யின் மேற்சுழியும் ‘கூ’வின் கீழ்ச்சுழியும் அறுபடும். எழுத்துருவை நிர்மலா யுஐ என்று நீங்களே குறித்துவிடுங்கள். தமிழும் சிங்களமும் அதில் உண்டு.

எழுத்தெல்லாம் மங்கலாகத் தெரிந்தால் மொனிட்டரில் குறை தேடவேண்டாம். டிபிஐ அறிவிப்பு (ஸ்கேலிங்கைத் தானே கையாளும் என்று மென்பொருள் சொல்லும் குறிப்பு) இல்லாத மென்பொருளை விண்டோஸ் படமாக எடுத்து இழுத்துக் காட்டும். ஒரு மொனிட்டர் கடைக்கு, எல்லாத் திரைக்கும் ஒரே ஸ்கேலிங்கை எடுக்கும் ‘சிஸ்டம் அவெயார்’ அறிவிப்பு போதும்; ஸ்கேலிங்கை மாற்றினால் ஒருமுறை லொக்அவுட் செய்து உள்ளே வரவேண்டும். வெவ்வேறு ஸ்கேலிங்கில் இரண்டு மொனிட்டர் இருந்தால் மட்டும், திரைக்குத் திரை தனித்தனியாக அளவை மாற்றும் ‘பெர் மொனிட்டர் வி2’க்குப் போங்கள். அதற்கு விண்டோஸ் 10இன் 1703 பதிப்பாவது தேவை. எதுவானாலும், எல்லாப் படிவங்களிலும் ஓட்டோஸ்கேல் மோட் (படிவம் எதை வைத்துப் பெருக்கும் என்ற அமைப்பு) ஒன்றாகவே இருக்கட்டும். கலந்தால் சில கட்டுப்பாடுகள் மட்டும் தாறுமாறாகப் பெருக்கும்.

ஜன்னல் கடைசியாக இருந்த இடத்தைச் சேமிப்பவர்கள், திறக்கும்போது அந்தச் செவ்வகம் இப்போதுள்ள ஏதாவது மொனிட்டரின் வேர்க்கிங் ஏரியாவை (டாஸ்க்பார் போக மிச்சத் திரையை) தொடுகிறதா என்று பாருங்கள். தொடாவிட்டால் பிரதான மொனிட்டரின் நடுவில் திறவுங்கள். இரண்டாவது மொனிட்டரைக் கழற்றிய மறுநாள் ‘புரோகிராம் திறக்குதில்லை’ என்று வரும் அழைப்புகளுக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.