பி.ஆர்க் முடித்து கவுன்சில் நம்பர் வாங்கும் வரை

ஆர்க்கிடெக்டுகளைப் பதிவு செய்யும் தேசிய அமைப்பான கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் என் பெயர் பதிவாகிவிட்டது. 'சிஏ' என்று தொடங்கி, நடுவில் ஆண்டும் கடைசியில் ஓர் எண்ணுமாக இருக்கும் அந்த ஒற்றை வரியைப் பார்த்தபோது வந்த நிம்மதி பெரிது. ஆனால் அதற்கு முன் பட்ட எரிச்சல் இன்னும் தணியவில்லை. தணிவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். பி.ஆர்க் என்ற ஐந்தாண்டுக் கட்டடக்கலைப் பட்டம் படிக்கிறவர்கள், அதிலும் மூன்றாம் ஆண்டில் இருக்கிறவர்கள், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பட்டம் வாங்கினால் ஆர்க்கிடெக்ட் ஆகிவிட்டோம் என்று வீட்டிலும் சொந்தத்திலும் நினைத்துக்கொள்கிறார்கள். 1972-ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, கவுன்சிலில் பதிவு செய்துகொண்டவர்தான் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். பதிவில்லாமல் போட்டுக்கொள்வதை 37-ஆவது பிரிவு தடுக்கிறது. அந்தப் பிரிவு பட்டப்பெயரை மட்டும்தான் காக்கிறது, கட்டடம் வடிவமைக்கும் வேலையை மற்றவர்கள் செய்வதைத் தடுக்கவில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இதைக் காட்டி, 'அப்புறம் எதற்குப் பதிவு, பேசாமல் டிசைன் வேலை பார்க்கலாமே' என்று என் வகுப்பிலேயே சிலர் ஒதுங்கிவிட்டார்கள். ஐந்து வருடம் தூக்கம் கெட்டுப் படித்துவிட்டு அந்தப் பெயரை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

சேர்க்கை பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஆர்க்கிடெக்சர் நுழைவுத் தேர்வான நாட்டா எழுதினேன், நம் ஊர்க் கணக்குப்படி பிளஸ் டூவுக்கு 200, நாட்டாவுக்கு 200, ஆக 400-க்கு ரேங்க் வந்தது, இடமும் கிடைத்தது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். கல்லூரி தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தையும் ஹாஸ்டலையும் பார்ப்பதற்கு முன்னால், அந்தக் கல்லூரிக்கு அந்த ஆண்டுக்கான கவுன்சில் அனுமதி இருக்கிறதா, எத்தனை இடங்களுக்கு இருக்கிறது என்று கவுன்சிலின் இணையதளத்தில் பாருங்கள். ஆர்க்கிடெக்சர் படிப்பைப் பொறுத்தவரை தொழில்நுட்பக் கல்விக்கான தேசிய அமைப்பான ஏ.ஐ.சி.டி.ஈ.-யின் விதிகளைவிட கவுன்சிலின் விதிகளே செல்லும் என்று 2019-லேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. அதனால் 'எங்களுக்கு எல்லா அப்ரூவலும் இருக்கிறது' என்று அட்மிஷன் மேசையில் வாயால் சொல்வதை நம்பி ஃபீஸ் கட்டாதீர்கள்.

படிப்பு கடினம்தான். ஆனால் அந்தக் கடினத்தில் ஒரு நியாயம் இருந்தது. இரண்டாம் ஆண்டு ஜூரியில், அதாவது எங்கள் டிசைனை மாட்டி வைத்து மதிப்பிடும் அமர்வில், வெளியிலிருந்து வந்த ஒரு ஆர்க்கிடெக்ட் என் கான்செப்ட் ஷீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக, கட்டடத்தை மேலிருந்து கீழாக வெட்டினால் உள்ளே எப்படி இருக்கும் என்று காட்டும் செக்‌ஷன் ஷீட்டுக்குப் போய், பென்சிலால் படிக்கட்டின் மேல் ஒரு ஆளை வரைந்தார். ஆளின் தலை மேல் தளத்து பீமில் போய் இடித்தது. "இந்த வீட்டில் தினமும் ஏறி இறங்கப்போவது யாரும்மா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுத்த ஷீட்டுக்குப் போனார். அன்றிலிருந்து எந்த டிசைனானாலும் செக்‌ஷனில் ஆளை நிற்க வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பிளானை முடிப்பேன். ஜூரிக்குப் போகிறவர்கள் செக்‌ஷனை நடுவில் மாட்டுங்கள். கான்செப்டை மூன்று வரியில் சொல்லி நிறுத்துங்கள். மீதியை அவர்களே கேட்பார்கள்.

ஸ்டுடியோ சோர்வையெல்லாம் தூங்கி எழுந்து சரிசெய்துகொள்ளலாம். என்னை உண்மையிலேயே நோகடித்தது டிரெயினிங் முடிந்த பிறகு தொடங்கியது.

நான்காம் ஆண்டில் ஒரு செமஸ்டர் முழுக்க, கவுன்சிலில் பதிவான ஒரு ஆர்க்கிடெக்டிடம் வேலை கற்றுக்கொள்ள வேண்டும். எனக்குக் கிடைத்த அலுவலகம் வேலை கற்பதற்கு அருமையான இடம். டாய்லெட் டீட்டெயில், கதவு ஜன்னல் ஷெட்யூல், வொர்க்கிங் டிராயிங் எல்லாம் அங்கேதான் கைக்கு வந்தன. வாரம் ஒருமுறை சைட்டுக்கு அனுப்புவார்கள். கம்பி கட்டி முடித்த ஸ்லாபில் எலக்ட்ரிக்கல் பைப் எங்கே போகிறது என்று கான்கிரீட் போடுவதற்கு முன் பார்த்து வைத்துக்கொள்ள அங்கிருந்த சூப்பர்வைசர் அண்ணன்தான் சொல்லிக்கொடுத்தார். ஸ்டைபண்ட் சொற்பம். பரவாயில்லை, கற்றது அதைவிடப் பெரிது.

சிக்கல் சான்றிதழில் வந்தது. கடைசி நாளில் லெட்டர்ஹெட்டில் அச்சடித்துக் கொடுத்தார்கள். அலுவலகத்தின் பெயர், முத்திரை, நான் நன்றாக வேலை செய்தேன் என்று இரண்டு வரி, கீழே ஆபீஸ் மேனேஜரின் கையெழுத்து. கிளம்புவதற்கு முன்பே கல்லூரி அலுவலகத்தில், "சார், சர்டிபிகேட்டுக்கு ஏதாவது ஃபார்மட் இருக்கா?" என்று நான் கேட்டிருந்தேன். "அதெல்லாம் ஒண்ணும் கிடையாதும்மா, கம்பெனி லெட்டர்ஹெட்ல வாங்கிட்டு வா போதும்" என்றுதான் பதில் வந்தது. அதே மேசை, அதே ஆள். சான்றிதழை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினார். "ஆர்க்கிடெக்ட் கையெழுத்து எங்கம்மா? கவுன்சில் நம்பர் எங்க? இது செல்லாது."

அவர் கேட்டது சரியான கேள்வி. டிரெயினிங் பதிவு பெற்ற ஆர்க்கிடெக்டிடம்தான் நடந்தது என்பதற்கு அந்தக் கையெழுத்தும் எண்ணும்தான் சாட்சி. அதை முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்பதுதான் என் ஆத்திரம். திரும்பவும் பஸ் ஏறினேன். தலைமை ஆர்க்கிடெக்ட் வெளியூர் சைட்டில் இருந்தார். அவர் வரும்வரை காத்திருந்து, கையெழுத்தும் எண்ணும் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தால், அடுத்த குறை: எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று இல்லையாம். அதையும் சேர்த்து வாங்கி வந்தால், அட்டெண்டன்ஸ் தனித் தாளில் வேண்டுமாம். முதல் தடவையே மூன்றையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் ஒரே நடையில் முடிந்திருக்கும். ஒவ்வொரு நடைக்கும் ஒரு குறை என்று பிரித்து வைத்து என்னை அலைக்கழித்ததை இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

அதனால் டிரெயினிங் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். அலுவலகத்தில் சேருவதற்கு முன்பே, உங்களுக்குக் கையெழுத்துப் போடப்போகிற ஆர்க்கிடெக்டின் பெயரைக் கவுன்சில் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். பதிவு நடப்பில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பெரிய பெயர் எடுத்த அலுவலகம் என்பதற்காக இதை விட்டுவிடாதீர்கள், கேட்கக் கூச்சமும் வேண்டாம். சான்றிதழில் அவர் பெயர், பதிவு எண், சேர்ந்த தேதி, முடித்த தேதி, வருகை நாட்கள் எல்லாம் வரட்டும். கையெழுத்து வாங்காமல் அலுவலகத்தை விட்டு இறங்காதீர்கள். ஒரிஜினலில் இரண்டு பிரதி கேட்டால் யாரும் மறுக்கமாட்டார்கள்.

இறுதியாண்டு டிசைன் புராஜெக்டான தீசிஸ் தனிக் கதை. பழைய பேருந்து நிலையம் ஒன்றை மறுவடிவமைப்பு செய்ய எடுத்திருந்தேன். இருக்கிற கட்டடத்தின் பிளான் கேட்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போனால், இந்தக் கல்லூரி மாணவிதான் என்று கல்லூரி தரும் போனஃபைடு லெட்டர் இல்லாமல் பேசவே முடியாது என்றார்கள். லெட்டரோடு போனால், பிளான் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் இரண்டு ஜூனியர்களைக் கூட்டிக்கொண்டு, கூட்டம் குறைவான விடியற்காலையில் போய், டேப் பிடித்து நாங்களே அளந்தோம். தூணுக்குத் தூண் இடைவெளி, பஸ் திரும்பும் வளைவு, கழிப்பறைக்கு முன்னால் எப்போதும் தண்ணீர் தேங்கும் அந்தப் பள்ளம் வரை எல்லாம் என் நோட்டில் ஏறியது. பிறகு பிளானின் பழைய நகல் ஒன்று தேடிக் கிடைத்தது. அதில் கிழக்குப் பக்கக் கடை வரிசையே இல்லை, பிற்பாடு கட்டியிருக்கிறார்கள். தேர்வாளர் முதலில் கேட்டதும் அந்தக் கடைக்காரர்களை எங்கே கொண்டுபோகப்போகிறாய் என்பதைத்தான். அளந்து வைத்திருந்ததால் கடை கடையாகப் பதில் சொன்னேன். ஐந்து ஆண்டில் நான் மிகவும் சந்தோஷப்பட்ட ஜூரி அது.

இனி பெரிய தலைவலிக்கு வருகிறேன். என் பெயரில் ழகரம் உண்டு. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, ஆதார் எல்லாவற்றிலும் ஆங்கிலத்தில் அதற்கு 'இசட் எச்' என்றுதான் இருக்கிறது. கல்லூரியில் பெயரைக் கணினியில் ஏற்றியவர் 'எல்' என்று போட்டுவிட்டார். முதல் செமஸ்டர் மார்க்‌ஷீட் வந்தவுடனே எழுதிக் கொடுத்தேன். "கோர்ஸ் முடியும்போது மொத்தமா மாத்திக்கலாம்மா" என்றார்கள். இறுதியாண்டில் போய் நின்றால், "இவ்வளவு நாள் என்ன பண்ணிட்டிருந்த?" என்று கேட்டார்கள். அதற்கடுத்து வந்த யோசனையை நான் மறக்கவேமாட்டேன். "பேசாம பத்தாவது மார்க்‌ஷீட்டையும் ஆதாரையும் இதுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோ. அது ஈஸி."

அவர்கள் தட்டச்சில் செய்த தவறுக்காக நான் பிறந்ததிலிருந்து எழுதிவரும் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டுமாம். எழுந்து வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பழைய ஃபைலைக் கொட்டித் தேடியதில் என்னைக் காப்பாற்றிய தாள் கிடைத்தது. சேர்க்கையின்போது நான் கையால் நிரப்பிய படிவத்தின் ஜெராக்ஸ். பெயர் பெரிய எழுத்தில், 'இசட் எச்' தெளிவாக, கீழே கல்லூரி அலுவலகத்தின் வட்ட முத்திரையும் பெற்றுக்கொண்டதற்கான சுருக்கொப்பமும். அதையும் முதல் ஆண்டில் எழுதிக் கொடுத்த கடிதத்தின் நகலையும் எடுத்துக்கொண்டு நேராகத் துறைத் தலைவரிடம் போனேன். அவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், ஃபோனை எடுத்தார், "படிவத்துல சரியாத்தான் இருக்கு, உங்க பக்கம்தான் தப்பு. இன்னிக்கே பல்கலைக்கழகத்துக்குக் கவரிங் லெட்டர் போடுங்க" என்றார். பேச்சு அவ்வளவுதான். அதே கவுன்டரில் அன்று மாலையே கடிதம் தயாராகிவிட்டது.

அதற்கப்புறமும் பழைய மார்க்‌ஷீட்டுகளை ஒப்படைத்து, திருத்தியவை வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வகுப்புத் தோழர்கள் புரொவிஷனல் என்ற தற்காலிகப் பட்டச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வேலையில் சேர்ந்துகொண்டிருந்தார்கள். நான் மட்டும் 'இன்னும் வரலையா' என்ற கேள்விக்கு வீட்டில் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். முதல் மார்க்‌ஷீட் வந்தபோதே யாராவது ஒருவர் அந்த எழுத்தைத் திருத்தியிருந்தால் இத்தனையும் இல்லை. ஆகவே பெயர், இனிஷியல், பிறந்த தேதி ஆகிய மூன்றையும் முதல் மார்க்‌ஷீட்டிலேயே சரிபாருங்கள். இனிஷியல் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா, ஆதாரில் அப்பா பெயர் விரிந்து நிற்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நம் பெயர்களில்தான் இந்தத் தொல்லை அதிகம். திருத்தக் கடிதம் கொடுத்தால் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். 'கடைசியில் பார்த்துக்கலாம்' என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கவுன்சில் விண்ணப்பம் ஆன்லைனில்தான். எல்லாக் காகிதமும் ஒரே பெயரில் இருந்ததால் ஸ்கேன் செய்து ஏற்றினேன், கட்டணம் கட்டினேன், எண் வந்தது.

எண் வந்த பிறகும் வேலை இருக்கிறது. பதிவை உரிய காலத்தில் புதுப்பிக்க வேண்டும். தவறினால் பதிவேட்டிலிருந்தே பெயரை நீக்க சட்டத்தில் இடமிருக்கிறது. அடுத்ததாக, நம் மாநிலத்தில் கட்டட அனுமதிக்கு நாமே கையெழுத்திட்டு வரைபடம் கொடுக்க வேண்டுமென்றால், 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின் கீழ் தனியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அந்தப் படிவத்தை எடுத்து வைத்திருக்கிறேன். இந்தத் தடவை கவுன்டரில் முதல் கேள்வியாக, தேவையான காகிதங்களின் முழுப் பட்டியலை எழுத்தில் கேட்டு வாங்கப்போகிறேன். நீங்களும் எங்கே போனாலும் அதிலிருந்தே தொடங்குங்கள்.