கைமாறி வந்த பிரஷர் பாட்

ஊற்றியபின் இறுகிக் கெட்டியாகும் பிளாஸ்டிக் திரவமான ரெசினில் பேனாக்கட்டைகளோ சங்கு பதித்த பதக்கங்களோ வார்க்கும் எவருக்கும் தீராத தலைவலி காற்றுக்குமிழிதான். அச்சில் ஊற்றிய ரெசினை 40 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு) அழுத்தத்தில் வைத்தால், வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்துக் கணக்கிடும்போது, குமிழியின் பருமன் ஏறத்தாழ கால் பங்குக்குச் சுருங்கிவிடுகிறது. அது வெளியேறிப் போவதில்லை, ஒடுங்கிக் கிடக்கிறது, ஆகவே ரெசின் நன்றாக இறுகும் வரை காற்றைத் திறந்துவிடக் கூடாது. இதற்கென்று நாம் தேடுகிற பாத்திரமான பிரஷர் பாட் உண்மையில் ஸ்ப்ரே பெயிண்டர்களின் பெயிண்ட் டேங்க்தான். புதுச்சேரியில் மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைப் பக்கம் உள்ள காயலான் கடைகளில் விசாரித்தால் 10 லிட்டர் டேங்க் எப்போதாவது கண்ணில் படும்.

புதிதாகப் பெயிண்ட் அடித்து வைத்திருக்கும் டேங்கைக் கண்டால் எனக்கு ஆசை வருவதில்லை, சந்தேகம்தான் வருகிறது. மூடியின் குறுக்களவு 25 செ.மீ. என்று கொண்டால், 40 பி.எஸ்.ஐ.யில் அந்த மூடியை உள்ளிருந்து தள்ளும் விசை 1,300 கிலோ எடைக்கும் அதிகம். சமையலறைக் குக்கர் வேலை செய்வது 15 பி.எஸ்.ஐ. அளவில்தான், எனவே குக்கரையே மாற்றியமைத்துப் பயன்படுத்தலாம் என்று சொல்பவர்களின் பேச்சுக்கு நான் காது கொடுப்பதில்லை. கனத்த அக்ரிலிக் மூடி போட்ட வேக்கம் பாத்திரத்தையும் இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது, ஏனெனில் அது வெளியிலிருந்து வரும் அழுத்தத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டது.

முதலில் பார்க்க வேண்டியது உள்ளே, அடிப்பாகத்தை. கம்ப்ரஸரிலிருந்து காற்றோடு வரும் ஈரம் அங்கேதான் தேங்கும்; கடற்காற்று வீசும் ஊரில் அந்த ஈரம் எளிதில் காய்வதுமில்லை. ஒரு கடையில் டார்ச் அடித்துப் பார்த்தபோது அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் தெரிந்தது. "அண்ணே, கொஞ்சம் சுரண்டிப் பார்க்கலாமா?" என்று கேட்டதற்கு, "அது வெறும் பெயிண்ட் கறை சார், தின்னர் ஊத்தினா போயிடும்" என்றார் கடைக்காரர். ஸ்க்ரூடிரைவர் முனையால் தட்டியதும் படலம் பாளம் பாளமாகப் பெயர்ந்து, அதன் கீழே முனை இறங்கும் அளவுக்கு அரித்த குழிகள் தெரிந்தன. மேலாகப் படிந்த துருவைத் தேய்த்து எடுத்துவிடலாம், குழி விழுந்த தகட்டை ஒன்றும் செய்ய முடியாது. அந்த டேங்கை அங்கேயே விட்டுவிட்டு, வெளியே அழுக்கேறிக் கிடந்தாலும் உள்ளே சுத்தமாக இருந்த, பெயர்த்தகட்டில் அதிகபட்ச அழுத்தம் 60 பி.எஸ்.ஐ. என்று தெளிவாக வாசிக்க முடிந்த வேறொன்றைப் பிறகு வேறு கடையில் வாங்கினேன். பெயர்த்தகடு இல்லாத டேங்கை விலை எவ்வளவு குறைந்தாலும் தொடுவதில்லை என்பது என் கொள்கை.

உடலில் பின்னால் வைத்த வெல்டிங், நசுங்கல், மூடியைப் பிடிக்கும் போல்ட்டுகளில் தேய்ந்த மரை, அவை கோத்திருக்கும் காதுகளில் விரிசல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் பேரம் பேசாமல் வந்துவிடலாம். மற்றவை எல்லாம் மாற்றக்கூடியவை. தின்னர் பட்டு இறுகிப்போன கேஸ்கெட்டை, அதாவது மூடியோரம் காற்று கசியாமல் அடைக்கும் வளையத்தை, மாற்றலாம், காற்றைத் திறந்த பின்பும் முள் பூஜ்யத்துக்குத் திரும்பாத கேஜையும் (அழுத்தமானியையும்) மாற்றலாம். அழுத்தம் மிஞ்சினால் தானே திறந்து காற்றை வெளியேற்றும் சேஃப்டி வால்வைப் பழையது வேலை செய்தாலும் புதிதாகவே போட வேண்டும், அதுவும் பெயர்த்தகட்டில் உள்ள அழுத்தத்தைத் தாண்டாமல் திறப்பதாகப் பார்த்து. பெயிண்டை உறிஞ்சும் குழாயையும் கலக்கியையும் கழற்றிவிட்டு, அந்தத் துளைகளை டெஃப்லான் டேப் சுற்றிய மரைபோட்ட பிளக்கால் அடைக்க வேண்டுமே தவிர, எம்சீல் அப்பி அடைக்கக் கூடாது.

"ஏர் ஏத்திக் காட்டட்டுமா சார்?" என்று கடைக்காரர் கேட்டால் நாசூக்காக மறுத்துவிடுங்கள். அழுத்திய காற்று விரிந்து பாயும் சக்தியை உள்ளே அடக்கி வைத்திருக்கும். தண்ணீர் ஏறக்குறைய சுருங்குவதே இல்லை என்பதால், தண்ணீர் நிரம்பிய டேங்க் விட்டுப்போனாலும் பெரும்பாலும் பீய்ச்சி அடிப்பதோடு நின்றுவிடும். டேங்கை விளிம்புவரை நிரப்பி, காற்று துளியும் தங்காமல் வெளியேற்றி, சேஃப்டி வால்வு இருந்த இடத்தைப் பிளக்கால் அடைத்து, பிளம்பர்கள் குழாய்களைச் சோதிக்கும் கைப்பம்பால் ஒன்றரை மடங்கு அழுத்தம், அதாவது 60-க்கு 90 பி.எஸ்.ஐ., ஏற்றி அரைமணி நேரம் விட்டால் உண்மை தெரிந்துவிடும். முள் இறங்கினால் எங்கே கசிகிறது என்று பார்க்க வேண்டும்: கேஸ்கெட்டில் என்றால் பரவாயில்லை, வெல்டிங் ஓரத்தில் வியர்த்தால் டேங்க் எடைக்குத்தான். சோதனை முடிந்ததும் தண்ணீரை வடித்து, உள்ளே துடைத்துக் காயவைத்து, வால்வை மறக்காமல் திரும்பப் பொருத்த வேண்டும்.

பாட் தேறியபின், அழுத்தமில்லாமல் வார்த்த பழைய சிலிக்கான் அச்சுகளை அதில் வைத்தால், சிலிக்கானுக்குள் சிக்கியிருக்கும் குமிழிகள் அமுங்கி, அந்த இடங்களில் வார்ப்பின்மேல் சிறு பருக்கள் எழும்பும். ஆகவே அச்சையும் அதே பாட்டில், அதே 40 பி.எஸ்.ஐ.யில் வார்த்துக்கொள்வது நல்லது.