பைலோரி தடுப்பு மருந்து: ஆன்டிபாடி ஏறினால் மட்டும் போதாது

இரைப்பையில் குடியேறும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா தொற்றியவரின் ரத்தத்தைச் சோதித்தால் அதற்கு எதிரான ஐஜிஜி வகை ஆன்டிபாடி, அதாவது கிருமியைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்புப் புரதம், பெரும்பாலும் தாராளமாகவே இருக்கும். ஆனாலும் ஆன்டிபயாடிக் சிகிச்சை தராவிட்டால் கிருமி பொதுவாக ஆயுள் முழுக்க இரைப்பையை விட்டுப் போவதில்லை. தடுப்பு மருந்து ஆய்வு இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

யூரியேஸ் நொதியால் யூரியாவை உடைத்து, அதில் வரும் அம்மோனியாவைக் கொண்டு சுற்றியுள்ள அமிலத்தைத் தணித்தபடி, கிருமி சளிப்படலத்துக்குள் நீந்திப் போய்விடுகிறது. நீந்த உதவும் அதன் கசையிழைப் புரதம், கிருமிகளை அடையாளம் காணும் நம் செல்களின் டிஎல்ஆர்5 உணர்வியிடம் சிக்குவதில்லை. அது சுரக்கும் வாக்ஏ என்ற நச்சு, நோயெதிர்ப்பை நடத்தும் டி செல்கள் பெருகுவதைத் தடுக்கிறது. போதாக்குறைக்கு, நம்முடைய ஒழுங்குபடுத்தும் டி செல்களே அழற்சியை அடக்குகின்றன. இரைப்பைச் சுவரைக் காக்கிற அந்த அடக்கம் கிருமிக்கும் புகலிடமாகிவிடுகிறது.

ஆன்டிபாடியை உண்டாக்கும் பி செல்லே இல்லாத சுண்டெலிகளுக்கும் தடுப்பு மருந்து பாதுகாப்பு தந்தது என்பதை நான் மிக முக்கியமான முடிவாகக் கருதுகிறேன். மற்ற நோயெதிர்ப்புச் செல்களைத் தூண்டும் சிடி4 வகை டி செல் இல்லாவிட்டால் பாதுகாப்பும் இல்லை. ஐஎல்-17 என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரந்து, கிருமியை விழுங்கும் நியூட்ரோபில் வெள்ளணுக்களை இரைப்பைக்கு அழைத்துவரும் டி செல்களுக்கு இதில் பெரும் பங்கு உண்டு.

மனிதர்களிலும் பாடம் இதுவே. 2018இல் வெளியான ஜெர்மன் ஆய்வில் வாக்ஏ, காக்ஏ, நாப் ஆகிய கிருமியின் மூன்று புரதங்களையும் தசையில் ஊசியாகப் போட்டார்கள். ஆன்டிபாடி நன்றாக ஏறியது. பிறகு கிருமியைக் குடிக்கக் கொடுத்தபோது, மருந்தில்லா ஊசி பெற்றவர்களைவிடக் கூடுதல் பாதுகாப்பு எதுவும் தெரியவில்லை. 2015இல் வெளியான சீன ஆய்வு வேறு வழியில் போனது. யூரியேஸ் பி துணையலகை ஈ.கோலை நச்சின் தீங்கற்ற பி பகுதியோடு இணைத்து, 6 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு 0, 14, 28ஆம் நாட்களில் வாய்வழியாகக் கொடுத்தார்கள். மொத்தம் 4464 பேர். முதல் ஆண்டில் மருந்து பெற்றவர்களில் 14 பேருக்கும் மற்றவர்களில் 50 பேருக்கும் தொற்று வந்தது, அதாவது 71.8% பாதுகாப்பு. அடுத்த ஆண்டுகளில் அது 55% அளவுக்கு இறங்கியது.

சுண்டெலி ஆய்வில் இரைப்பைத் துண்டை, கிருமியின் யூரியேஸ் இருந்தால் நிறம் மாறும் யூரியேஸ் சோதனையில் மட்டும் போட்டுப் பார்த்து ‘கிருமி ஒழிந்தது’ என்று எழுதிவிடக் கூடாது. எண்ணிக்கை குறைந்தால் நிறம் மாறாது, கிருமி மிச்சமிருக்கும். திசுவை அரைத்து, படிப்படியாக நீர்க்கச் செய்து, கிருமி வளர்க்கும் தட்டில் பரப்பி, 37 டிகிரியில் சுமார் 5% ஆக்சிஜன், 10% கார்பன் டைஆக்சைடு சூழலில் ஒரு வாரம்வரை வைத்து, வளர்ந்த கிருமித் திட்டுகளை எண்ண வேண்டும். திசுவை வெளிக்காற்றில் வைத்து நேரம் கடத்தினால் உயிருள்ள கிருமியும் வளராமல் போகும். தடுப்பு மருந்து உண்மையைவிட நன்றாக வேலை செய்வதுபோல் தோன்றும். தட்டோடு, கிருமியின் டிஎன்ஏவைத் தேடும் பிசிஆர் சோதனையும் செய்வது நல்லது.

களத்தில் தடுப்பு மருந்து பெற்றவர்களில் யாருக்குத் தொற்று இருக்கிறது என்று ரத்தச் சோதனையால் பிரிக்க முடியாது, தடுப்பு மருந்தே ஆன்டிபாடியை உண்டாக்கியிருக்கும். கார்பன்-13 கலந்த யூரியாவைக் கொடுத்து, கிருமி அதை உடைக்கிறதா என்று மூச்சில் பார்க்கும் கார்பன்-13 யூரியா மூச்சுச் சோதனைதான் வழி. அமிலம் குறைக்கும் ஒமெப்ரசோல் வகை மாத்திரையை 2 வாரமும், ஆன்டிபயாடிக்கை 4 வாரமும் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் தொற்று உள்ளவருக்கும் இல்லை என்றே முடிவு வரும்.