ரிப்போர்ட் நார்மல், வலி மட்டும் போகவில்லை

மார்ச் 3, 2025, திங்கள்

ரத்தத்தில் அழற்சியைத் தேடும் இரண்டு பரிசோதனைகளும் நார்மல்: சிஆர்பி 3, இஎஸ்ஆர் 12. எக்ஸ்-ரேயிலும் ஒன்றுமில்லை. இதை வைத்தே 'அழற்சி கிடையாது' என்று முடித்துவிடுவது முதுகுத்தண்டு வாதத்தில் (முதுகெலும்பிலும் இடுப்பு மூட்டுகளிலும் அழற்சி வரும் நோய்) அடிக்கடி நடக்கும் தவறு. நோய் உறுதியானவர்களிலேயே கணிசமானோருக்கு சிஆர்பி ஏறுவதில்லை. சிஆர்பி சுரப்பது கல்லீரல். அழற்சியின்போது சுரக்கும் இன்டர்லூகின்-6 என்ற புரதம் போதிய அளவு ரத்தத்தில் கலந்தால்தான் அது சுரக்கும். இடுப்புக்கூட்டின் ஒரு மூலையில் இருக்கும் அழற்சி ரத்தம்வரை எட்டாமலே போகலாம்.

இஎஸ்ஆர் இன்னும் நம்பகம் குறைந்தது. ரத்தசோகை, கர்ப்பம், வயது எல்லாமே அதை ஏற்றும். ஆணுக்கு வயதில் பாதி, பெண்ணுக்கு வயதோடு 10 கூட்டிப் பாதி என்பது நார்மலின் உச்ச அளவுக்கான தோராயக் கணக்கு. ரத்தம் கொடுப்பதற்கு முந்தைய நாட்களில் ஸ்டீராய்டு எடுத்திருந்தால் இரண்டு எண்களுமே குறைவாகக் காட்டும். அதை ரிப்போர்ட் ஓரத்தில் குறித்து வைக்க வேண்டும். பரிசோதனைக்காக ஸ்டீராய்டைத் தானாக நிறுத்தக் கூடாது.

மார்ச் 5, புதன்

ரத்தம் சொல்லாததைக் கேள்விகள் சொல்லும், கேட்கிற விதமாகக் கேட்டால். 'காலையில் இறுக்கம் இருக்கிறதா?' என்றால் எல்லோருமே ஆமாம் என்பார்கள். 'எழுந்ததிலிருந்து உடம்பு தளர்வதற்கு எத்தனை நிமிடம்?' என்று கேட்க வேண்டும். பத்து நிமிடத்தில் சரியாவது மூட்டுத் தேய்மானத்திலும் உண்டு. அரை மணியைத் தாண்டினால் அழற்சியை நினைக்க வேண்டும்.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் முதுகுவலியில் ஐந்து விஷயம் பார்ப்போம்: 40 வயதுக்குள் தொடக்கம், தெரியாமல் மெல்ல வந்தது, உடற்பயிற்சியில் குறைவது, ஓய்வில் குறையாதது, இரவில் வலித்து எழுந்தால் தேவலை என்றிருப்பது. 2009-இல் நிபுணர் குழு வகுத்த இந்த ஐந்தில் நான்கு பொருந்தினால் அது அழற்சி வகை வலி. அப்போதும் நோய் உறுதியாகிவிடாது. தேடத் தொடங்கலாம், அவ்வளவுதான்.

மார்ச் 8, சனி

ஸ்கேன் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், இங்கேதான் பலருக்கு வருடங்கள் வீணாகின்றன.

எக்ஸ்-ரே காட்டுவது அழற்சியை அல்ல, அழற்சி எலும்பில் விட்டுப்போன தழும்பை. தழும்பு தெரியவே பல ஆண்டுகள் ஆகலாம். சிலருக்குத் தெரிவதே இல்லை. இந்த நோயை வகைப்படுத்தும் 1984-இன் நியூயார்க் வரையறை எக்ஸ்-ரே மாற்றத்தைக் கட்டாயமாக்கியிருந்தது. 2009-இல் எம்ஆர்ஐயும் சேர்க்கப்பட்ட பிறகுதான் ஆரம்பக் கட்டத்தில் இருப்பவர்கள் கணக்கில் வந்தார்கள்.

'எம்ஆர்ஐயும் நார்மல்' என்றால் முதலில் எந்த இடத்தை எடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும். வழக்கமாக எழுதப்படும் லம்பார் ஸ்பைன் (கீழ்முதுகு) எம்ஆர்ஐ வட்டுகளையும் நரம்புகளையும் பார்ப்பதற்கானது. முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் சேக்ரோஇலியாக் மூட்டுகள் பெரும்பாலும் அதில் முழுதாக வராது. சீட்டில் அந்த மூட்டுகளின் பெயரையும், ஸ்டிர் அல்லது கொழுப்பு ஒடுக்கிய டி2 படவரிசை (இரண்டும் கொழுப்பை மங்கலாக்கி நீரை எடுத்துக் காட்டும் எம்ஆர்ஐ முறைகள்) வேண்டும் என்பதையும் தெளிவாக எழுத வேண்டும். அழற்சியால் எலும்பு மஜ்ஜையில் கோத்த நீர் அதில்தான் வெள்ளையாகத் தெரியும்.

தெரிந்துவிட்டாலும் ஆசுவாசப்பட முடியாது. பிரசவித்த சில மாதங்களுக்குள் இருக்கும் பெண்களுக்கும் நெடுந்தூரம் ஓடுபவர்களுக்கும் நோயே இல்லாமல் இதே வெண்மை தெரியலாம்.

மார்ச் 9, ஞாயிறு

ஹெச்எல்ஏ-பி27 என்ற மரபணு: முதுகுத்தண்டு வாதத்தோடு இதற்குள்ள தொடர்பு தெரியவந்தது 1973-இல். பாசிட்டிவ் ஆனவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு இந்த நோய் வருவதே இல்லை. நெகட்டிவ் ஆனவர்களுக்கும் வருகிறது. சந்தேகம் ஏற்கெனவே வலுவாக இருந்தால் மட்டுமே இந்த டெஸ்ட்டுக்கு அர்த்தம் உண்டு.

மார்ச் 14, வெள்ளி

கைவிரல் மூட்டுகளிலும் இதே கதைதான். முடக்குவாதத்தில் ஐந்தில் ஒருவருக்காவது அதற்கான ரத்தப் பரிசோதனையான ஆர்ஏ ஃபேக்டர் நெகட்டிவ். மாறாக, முதியவர்களிடமும் ஹெபடைடிஸ் சி உள்ளவர்களிடமும் அது சும்மாவே பாசிட்டிவ் ஆகும். வீக்கம் வந்து போகிற வகையானால், ஆய்வு நாளன்று கை சாதாரணமாக இருக்கும். வீங்கிய அன்றே இரண்டு கையையும் அருகருகே வைத்து, தேதி தெரியும்படி படம் எடுத்து வைப்பது பெரிய உதவி. கூடவே இரண்டு வாரக் குறிப்பு: இறுக்கம் எத்தனை நிமிடம், இரவில் எத்தனை மணிக்கு விழிப்பு, எந்த மாத்திரை எத்தனை மில்லிகிராம். '10-க்கு 7 வலி' என்பதைவிட இதில் நிறையத் தெரியும்.

அழற்சி வாதத்துக்குத் தடயமாக இருந்தும் கேட்காமல் விடுபடுபவை: தலை, தொப்புள், பிட்டப் பிளவில் சொரியாசிஸ் செதில், நகத்தில் ஊசிக்குழிகள், குதிகால் வலி, ரத்தத்தோடு நீண்டநாள் வயிற்றுப்போக்கு.

மார்ச் 21, வெள்ளி

அழற்சி எதிர்ப்பு மாத்திரையைச் சோதித்துப் பார்ப்பதும் ஒரு வழி. வலிக்கும்போது மட்டும் ஒன்று போடுவது சோதனை ஆகாது. மருத்துவர் எழுதிய முழு அளவில் இரண்டு முதல் நான்கு வாரம் விடாமல் எடுக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண், இதய நோய் இருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும். மாத்திரையில் வலி நன்றாகக் குறைந்து, நிறுத்தியதும் திரும்பினால் அழற்சியின் பக்கம் எடை கூடும். குறையவில்லை என்பதாலேயே அழற்சி இல்லை என்று ஆகாது.

எதிர்த் தவறும் கண்ணில் படுகிறது: எதுவும் தெளியாத நிலையில் பெயர் ஒன்றைச் சூட்டி, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தை ஆரம்பிப்பது. ஃபைப்ரோமயால்ஜியாவிலும் (அழற்சி இல்லாமலே உடம்பெங்கும் வலிக்கும் நோய்) காலை இறுக்கமும் இரவு விழிப்பும் உண்டு. அதுவும் அழற்சி நோயும் ஒருவருக்கே சேர்ந்தும் இருக்கலாம். 'இன்னும் தெரியவில்லை, மூன்று மாதத்தில் திரும்பப் பார்ப்போம்' என்று கோப்பில் எழுதுவது நேர்மையான பதில். அந்த இடைவெளியில் வலியைக் குறைக்க வேண்டியதும் கடமைதான், பெயர் கிடைக்கும்வரை வலி காத்திருக்காது.

காத்திருக்கக் கூடாதவை: கண் சிவந்து வலித்து வெளிச்சம் கூசினால் அன்றே கண் மருத்துவர், ஸ்லிட் லாம்ப் (கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் கருவி) பரிசோதனை. 50 வயதுக்கு மேல் புதிய தலைவலியோடு மெல்லும்போது தாடை வலி, பார்வை மங்கல் என்றால் அன்றே அவசரப் பிரிவு. முதுகுவலியோடு சிறுநீர் அடைப்பு, தொடையிடுக்கு மரத்துப்போவது என்றாலும் அப்படியே.