குரூப் 4: விடையை மாற்றிய கேள்விகளுக்கு ஒரு தனி நோட்டு

தமிழக அரசுப் பணிக்கான டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு முடிவு வந்து நாலு நாள்தான் ஆகிறது. இந்தத் தடவை தரவரிசை எட்டும் தூரத்தில் இருக்கிறது. சான்றிதழ் வேலைகள் தொடங்குவதற்குள் எனக்கு உதவிய ஒரே விஷயத்தை எழுதிவிடுகிறேன். பாடத்திட்டம், புத்தகப் பட்டியல் எல்லாம் உங்களுக்கே தெரியும்.

2022-ல் மூன்று கேள்வியில் வாய்ப்பைத் தவறவிட்டேன். உத்தேச விடைகள் வந்ததும் வினாத்தாளோடு உட்கார்ந்தேன். முதலில் சரியாக டிக் அடித்து, பிறகு அடித்துத் திருத்தியவை மட்டும் நான்கு. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. 'இனி முதல் விடையைத் தொடவே கூடாது' என்று முடிவெடுத்தேன். அந்த முடிவே தவறு என்பது பிறகுதான் தெரிந்தது.

அடுத்த தடவை ஒவ்வொரு மாதிரித் தேர்விலும் விடையை மாற்றத் தோன்றிய கேள்விகளைத் தனி நோட்டில் எழுதினேன். வினா எண், முதல் விடை, மாற்றிய விடை, காரணம். காரணத்தை விடைக்குறிப்பைத் திறப்பதற்கு முன்பே எழுத வேண்டும். இதில் மட்டும் சமரசம் வேண்டாம். விடை தெரிந்த பிறகு எழுதினால், 'எனக்கு அப்பவே தெரியும்' என்று மனசு கதையை மாற்றிவிடும்.

இருபது தேர்வுகளுக்குப் பிறகு எண்ணினேன். 58 மாற்றங்கள். தவறிலிருந்து சரிக்குப் போனவை 33. சரியிலிருந்து தவறுக்குப் போனவை 16. மிச்சம் எப்படியும் தவறு. மாற்றியதால் லாபம்தான் அதிகம்! வலித்த நான்கை மட்டும் இரண்டு வருஷம் நினைவில் வைத்துக்கொண்டு, மாற்றியதால் சரியானவற்றை மறந்தே போயிருந்தேன்.

காரணங்களைப் படித்தபோது இன்னும் தெளிந்தது. நீதிக்கட்சி ஆட்சியின் முதல் முதலமைச்சர் யார் என்ற கேள்வியில் சுப்பராயலு என்று போட்டு, பனகல் அரசர் என மாற்றியிருந்தேன். காரணம்: 'அதிகம் கேட்ட பெயர்.' பஞ்சாயத்து ராஜ் எத்தனையாவது அரசியலமைப்புத் திருத்தம் என்ற கேள்விக்கு 74 என்று போட்டு, 73 ஆக்கியிருந்தேன். காரணம்: '11-வது அட்டவணை, 29 பொருள்கள், அது பஞ்சாயத்து. 12-வதுதான் நகராட்சி.' முதலாவது பயம், இரண்டாவது நினைவு. அந்த 16-ல் பெரும்பாலானவை முதல் வகை.

அதன் பிறகு பின்பற்றியவை:

- காரணத்தை ஒரு வரியில் சொல்ல முடிந்தால் மட்டும் மாற்றுவது.
- 'வரிசையாக மூன்று பி வந்துவிட்டதே' என்பதெல்லாம் காரணமே இல்லை.
- மாற்றுவதை வினாத்தாளிலேயே முடித்துவிட்டு, விடைத்தாளில் வட்டங்களை ஷேடிங் செய்யப் போவது. கறுப்புப் பேனாவில் நிரப்பிய வட்டத்தை அழிக்க முடியாது.
- ஞாயிறு காலை ஒரு மணி நேரம், புதிதாக எதுவும் படிக்காமல் நோட்டை மட்டும் புரட்டுவது.

படிப்பு நேரத்தையும் இதே மாதிரி எழுதிப் பார்த்தேன். 100 கேள்வி வரும் தமிழை 'தெரிந்ததுதானே' என்று தள்ளிவிட்டு, நடப்பு நிகழ்வுகளில் மூழ்கிக் கிடந்திருக்கிறேன். அன்றே காலை நேரத்தைத் தமிழுக்கு மாற்றினேன்.

நான் நிதானக்காரன், எழுதினால்தான் எனக்குப் புத்தி வேலை செய்யும். வேகமாகப் படிப்பவர்களுக்கு இது இழுவையாகத் தெரியலாம். சரி, ஐந்து தேர்வுகளுக்காவது எழுதிப் பாருங்கள்.

2024 ஜூன் 9 அன்று தேர்வறையில் ஏழு இடங்களில் கை தயங்கியது. மூன்றை மாற்றினேன், நான்கை விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் அந்த ஏழுக்கும் காரணம் எழுதி வைத்தேன்.