பத்தாவது நோட்டு

"மிஸ், ஊ ஃபின் லீர்?" என்று என் மாணவி ஒருத்தி கேட்டாள். படித்துவிட்டீர்களா என்பதுதான் கேள்வி. மொரீஷியஸில் நான் நடத்தும் தமிழ் வகுப்பில் தமிழில்தான் பேச வேண்டும் என்று விதி வைத்திருப்பவளே நான்தான். ஆனாலும் அன்று, "வீ, மோ ஃபின் லீர்" என்று இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலிலேயே பதில் சொல்லிவிட்டேன். "நன்றாக எழுதியிருக்கிறாய்" என்பதை மட்டும் தமிழில் சேர்த்தேன். அவள் "சரி மிஸ்" என்று நோட்டை மூடி மார்போடு அணைத்துக்கொண்டு தன் இடத்துக்குத் திரும்பினாள். மூடிய அந்த அட்டையின் வலது மேல் மூலையில், என் கையால் பென்சிலில் வைத்த ஒரு புள்ளி இருந்தது. அதைப் பார்க்காமல் இருந்திருந்தால், அன்று மாலை வீட்டுக்குப் போனதும் இந்தச் சிறு உரையாடல் எனக்கு மறந்தே போயிருக்கும்.

அந்தப் புள்ளியின் கதையைச் சொல்வதற்கு எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. நான்கு வகுப்புகள், வகுப்புக்கு முப்பது பேர், ஆக 120 கட்டுரை நோட்டுகள். அவை என் பையிலேயே மூன்று வாரம் கிடந்த காலம் உண்டு. பிள்ளைகள் கேட்பதை நிறுத்திவிடுவார்கள். அதுதான் கேட்பதைவிட மோசம். இதற்கு ஒரு வழி செய்ய வேண்டும் என்று, வேலையை முடித்தால் எனக்கு நானே பரிசு கொடுத்துக்கொள்வது என்ற ஏற்பாட்டைத் தொடங்கினேன். முதலில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலியர் வகுத்த முறையைப் பின்பற்றினேன்: 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு. தக்காளி வடிவத்தில் இருந்த சமையலறைக் கடிகாரம் ஒன்றை வைத்து அவர் அதைத் தொடங்கியதாகச் சொல்வார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. ஒரு பிள்ளையின் பாட்டி காவடிக்குப் பூக் கட்டிக்கொண்டிருக்கும் வாக்கியத்தின் நடுவில் மணி அடித்தால் எப்படி எழுந்திருப்பது? ஆகவே நேரத்தை விட்டு எண்ணிக்கைக்கு மாறினேன். பத்து நோட்டு ஒரு கட்டு. கட்டு முடிந்தால் இரண்டு கத்தோ பிமா. (கடலைப் பருப்பும் மிளகாயும் சேர்த்துப் பொரிக்கும் அதை என் பாட்டி கடைசிவரை வடை என்றேதான் சொன்னாள்.) மூன்று கட்டு முடிந்தால் ஒரு குவளை அலூதா என்ற குளிர்ந்த பால் பானம். ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு நூறு ரூபாய்த் தாள் பிஸ்கட் டப்பாவுக்குள் போகும், வருட முடிவில் சேலைக்கு. அந்தத் தாளில் மொரீஷியஸ் தமிழ்த் தலைவர் ரங்கநாதன் சீனிவாசன் படம் இருக்கிறது. கட்டு முடிக்காமல் தாளை எடுத்து வைத்த ஒன்றிரண்டு நாட்களில் அவர் என்னைப் பார்த்த பார்வை சரியாக இல்லை என்று எனக்குத் தோன்றியதுண்டு.

எத்தனையாவது நோட்டில் இருக்கிறோம் என்று அடிக்கடி எண்ணிப் பார்ப்பது தொல்லையாக இருந்ததால், உட்காரும்போதே அடுக்கைப் பத்துப் பத்தாகப் பிரித்து, ஒவ்வொரு பத்தாவது நோட்டின் அட்டையிலும் ஒரு புள்ளி வைத்துவிடுவேன். புள்ளி தெரிந்தால் எண்ணெய் மணம் தெரிந்த மாதிரி.

ஏற்பாடு பலித்தது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. மூன்று வாரம் நான்கு நாளாகச் சுருங்கியது. தைப்பூசம் முடிந்த அடுத்த வாரமே காவடியைப் பற்றிய கட்டுரைகள் மதிப்பெண்ணோடு பிள்ளைகளின் கைக்குப் போயின. அந்த அடுக்கில்தான் அவளுடைய நோட்டும் இருந்தது.

அவள் கேட்டது ஏன் உறுத்தியது என்று தெரியாமலே, மறுவாரம் நோட்டுகளைத் திரும்ப வாங்கியபோது அவளுடையதை முதலில் எடுத்தேன். இருபதுக்குப் பதினான்கு, கீழே "நன்று". மேலே படித்தேன். தாத்தா மருத்துவமனையில் இருப்பதாகவும், அவருக்காகக் கொடியேற்றத்திலிருந்து பத்து நாளும் விரதம் இருக்கப்போவதாக முருகனிடம் தான் சொல்லியிருந்ததாகவும் எழுதியிருந்தாள். பிறகு இப்படி: "ஒன்பதாம் நாள் மறந்து போய் தோழி கொடுத்த ரொட்டியைத் தின்றேன். உள்ளே கோழி இருந்தது. பாதி தின்ற பிறகுதான் தெரிந்தது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. மிஸ், என் விரதம் கணக்கில் சேருமா?" அந்தக் கேள்விக்குறிக்குப் பக்கத்தில் என் சிவப்பு மையில் ஒரு சரி அடையாளம் இருந்தது.

இந்த இடத்துக்குத்தான் நான் மறுபடி மறுபடி திரும்பி வருகிறேன். வீட்டில் சொல்ல முடியாததை ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை கட்டுரை நோட்டில் ஒளித்து வைத்து என்னிடம் கொடுத்திருக்கிறது. நோட்டு திரும்பி வந்தபோது பதில் எழுதப்படாததைப் பார்த்து, ஒருவேளை மிஸ் வாயால் சொல்வார்கள் என்று நினைத்து என் மேசைக்கு வந்திருக்கிறது. நேராகக் கேட்கத் துணிவில்லாமல், படித்துவிட்டீர்களா என்று சுற்றி வளைத்துக் கேட்டிருக்கிறது. படித்தேன், நன்றாக எழுதியிருக்கிறாய் என்கிறேன் நான். அவள் எடுத்துக்கொண்ட பொருள் என்னவாக இருக்கும்? மிஸ்ஸுக்கு எல்லாம் தெரியும், தெரிந்தும் பேச விரும்பவில்லை என்றா? அல்லது மிஸ் பொய் சொல்கிறார் என்றா? இரண்டில் எது மேல் என்று எனக்கு இன்றுவரை தீர்மானிக்க முடியவில்லை.

அன்றிரவு புள்ளி வைத்த பன்னிரண்டு நோட்டுகளையும் தனியே எடுத்துப் பார்த்தேன். ஒன்பதில் "நன்று" என்ற ஒரு சொல்தான் இருந்தது. என்னை நானே காப்பாற்றிக்கொள்ளும் ஆசையில், ஒவ்வொரு கட்டின் முதல் நோட்டையும் எடுத்தேன். அவற்றிலும் அதே அலட்சியம் இருந்தால், குற்றம் களைப்பின் மேல் போய்விடும் அல்லவா. அவற்றிலோ வரி வரியாக எழுதியிருந்தேன். ஒரு பையனிடம், "உன் மாமா வேல் குத்திக்கொண்டபோது நீ கண்ணை மூடிக்கொண்டதை எழுதியது எனக்குப் பிடித்தது" என்றுகூட எழுதியிருந்தேன். கத்தோ பிமா தின்ற வாயோடு உட்கார்ந்த ஆசிரியை தாராள மனசுக்காரி. பதினோராவது பிள்ளைக்கு அவள் கிடைத்தாள். பத்தாவது பிள்ளைக்குக் கிடைத்தவள் ஏற்கெனவே பாதி எழுந்து நின்றவள்.

ஆசிரியர் அறையில் என்னைவிட மூத்த அக்கா ஒருவரிடம் இதைச் சொன்னேன். "120 பேரில் ஒருத்தியின் ஒரு வரியைத் தவறவிட்டாய். மூன்று வாரம் வைத்திருந்தபோது 120 பேரையும் தவறவிட்டாயே, அப்போது தூக்கம் வந்ததா?" என்றார் அவர். அதற்கு என்னிடம் பதில் இல்லை. தான் எப்படித் திருத்துவார் என்றும் சொன்னார்: விடியற்காலையில் முதலில் தேநீர் குடித்துவிடுவாராம், பிறகுதான் பேனாவைத் தொடுவாராம். கூலி முதலில், வேலை பிறகு. "எனக்கு எதிரே எதுவும் காத்திருக்காது, அதனால் நோட்டை மட்டும்தான் பார்ப்பேன்" என்றார். எது முன்னே எது பின்னே என்பது சிறு விஷயம் என்று இந்த நாட்டில் யாரும் சொல்ல முடியாது. 1998-இல் ரூபாய்த் தாளில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கி அச்சிட்டதற்காக அந்தத் தாள்களையே வங்கி திரும்பப் பெற வேண்டியதாயிற்று. ஆனாலும் அக்காவின் முறை எனக்குச் சரிப்படாது. தேநீரை முதலில் குடித்தால் நான் இரண்டாவது தேநீரும் குடிப்பேன்.

அதன் பிறகு இது பற்றி எழுதப்பட்டவற்றைத் தேடிப் படித்தேன். 1973-இல் அமெரிக்காவில் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மூவர், வண்ணப் பேனாவால் படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை கொண்ட பாலர் பள்ளிப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துச் செய்த ஆய்வு அதில் முக்கியமானது. வரைந்தால் தங்க முத்திரையும் சிவப்பு நாடாவும் கொண்ட சான்றிதழ் தருவோம் என்று ஒரு குழுவிடம் முன்னதாகவே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. சில நாட்களுக்குப் பின் பேனாக்களைச் சும்மா மேசையில் வைத்துப் பார்த்தபோது, முன்னதாகச் சொல்லிப் பரிசு கொடுக்கப்பட்ட பிள்ளைகள் மற்றவர்களைவிட ஏறத்தாழ பாதி நேரமே வரைந்தார்கள். சொல்லாமல் கொடுக்கப்பட்டவர்களுக்கு அந்தக் கேடு நேரவில்லை. இதைப் படித்ததும் எனக்குச் சற்று ஆறுதலாகத்தான் இருந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு வரைவதில் ஆசை இருந்தது. எனக்குத் திருத்துவதில் என்ன ஆசை? இல்லாத ஆசையைப் பரிசு எப்படிக் கெடுக்கும்? இப்படி வாதாடி இரண்டு நாள் நிம்மதியாக இருந்தேன். பிறகு, வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டு நினைவுக்கு வந்தது. அப்போது நோட்டுகளைப் பேருந்திலேயே பிரித்துவிடுவேன். ஒரு கட்டுரையைப் படித்துச் சிரித்துக்கொண்டே இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டியிருக்கிறேன். அந்த ஆசை கத்தோ பிமாவுக்கு முன்பே போய்விட்டதா, அதனால்தான் போயிற்றா என்பதை யாரிடம் கேட்பது? என் ஒருத்தியை மூன்று குழுவாகப் பிரித்து எந்த ஆய்வும் செய்ய முடியாது.

ஏற்பாட்டைத் திருத்திப் பார்க்காமலும் இல்லை. ஒவ்வொரு நோட்டிலும் முழு வாக்கியம் ஒன்றாவது எழுதினால்தான் அது கணக்கில் சேரும் என்று வைத்தேன். ஒரு வாரத்தில் எனக்கு நான்கு வாக்கியங்கள் மனப்பாடமாகி, மாறி மாறி விழத் தொடங்கின. அதற்கு மேல், திட்டமிட்ட கட்டை ஒருநாள் முடிக்காவிட்டால் அடுத்த இரண்டு கட்டுக்கும் பரிசு கிடையாது என்று தண்டனையும் சேர்த்தேன். அதை நாள்குறிப்பில் எழுதிய கை அப்படியே நின்றது. ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலி பிடிப்பது: கரும்புத் தோட்டத்து இரட்டை வெட்டு அது. எங்கள் முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கிய காலத்தில், சம்பள நாளன்று கையில் ஒன்றும் மிஞ்சாமல் செய்த அந்தக் கணக்கை ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவள் நான். கூலிகளை வேலை வாங்கும் மேற்பார்வையாளரை இலங்கையிலும் மலேயாவிலும் கங்காணி என்பார்கள், இங்கே சிர்தார். என் சாப்பாட்டு மேசையில் சிர்தாரும் நானே, கூலியும் நானே. மிகைப்படுத்துகிறேன் என்று தெரியும். கத்தோ பிமா கிடைக்காத துயரத்தைத் தோட்டத்துத் துயரத்தோடு ஒப்பிடுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. இருந்தாலும், யாரும் கற்றுத் தராமலே என் கைக்கு அந்தக் கணக்கு வந்தது எப்படி என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. அந்தத் தண்டனை வரியை அடித்துவிட்டேன்.

அடிக்கும்போதுதான் அந்தப் பிள்ளையின் கேள்வி முழுதாக விளங்கியது. ஒன்பதாம் நாள் தவறியதால் பத்து நாளும் வீணா என்று அவள் கேட்டிருந்தாள். அவளும் ஒரு கணக்கு வைத்திருந்தாள். அவளுடைய பத்தாவது புள்ளியில் தாத்தா இருந்தார். அன்று நான் கவனமாகப் படித்திருந்தால் என்ன பதில் எழுதியிருப்பேன்? தெரியாமல் தின்றது தவறாகாது, முருகன் கணக்குப் பார்ப்பதில்லை என்று எழுதியிருப்பேன் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு கட்டுக்கு இரண்டு கட்டைப் பிடித்துக்கொள்ளும் மனசு உண்மையிலேயே அப்படி எழுதியிருக்குமா என்பது எனக்கு உறுதியில்லை. "அம்மாவிடம் சொல்" என்று எழுதித் தப்பித்திருக்கவும் கூடும். படிக்காததால் ஒரு தவறான பதிலிலிருந்து அவள் தப்பினாள் என்றுகூட ஒருநாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அந்தச் சமாதானம் மாலை வரைக்கும் நிற்கவில்லை.

இவ்வளவையும் யோசித்து முடித்துத் துணிவு வந்தபோது மூன்று வாரம் ஆகியிருந்தது. இடைவேளையில் அவளைக் கூப்பிட்டு, தாத்தா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "வீட்டுக்கு வந்துவிட்டார், மிஸ்" என்றாள். "நீ எழுதியிருந்த அந்தக் கேள்வி..." என்று தொடங்கினேன். "அது சேர்ந்துவிட்டது, மிஸ்" என்றாள் உடனே, மதிப்பெண் கூட்டலைச் சரிபார்த்தவள் மாதிரி. அன்று நான் அதைப் படிக்கவில்லை என்று அவளிடம் சொல்வதற்காகத்தான் கூப்பிட்டிருந்தேன். மணி அடித்தது. சொல்லவில்லை.

இப்போதும் கட்டு உண்டு, கத்தோ பிமாவும் உண்டு. அட்டையில் புள்ளி வைப்பதை மட்டும் நிறுத்திவிட்டேன். எண்ணிக்கை மனத்துக்குள் ஓடுவதை நிறுத்த வழி தெரியவில்லை. எட்டு, ஒன்பது என்று அது தானே ஓடுகிறது. மழைக்காலத்தைப் பற்றி 150 சொல்லில் எழுதச் சொன்ன அடுத்த கட்டுரையில் அவளுடைய நோட்டை அடுக்கின் முதலில் வைத்து, தேநீரைத் தொடாமல், ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன். பிழை குறைவு. ஆறு வாக்கியத்துக்கு ஒரு பத்தி. கேள்விக்குறி எங்கும் இல்லை. எண்ணிப் பார்த்தேன்: 152 சொற்கள். இருபதுக்குப் பதினாறு போட்டேன்.